நகையும் பெருமிதமும்: ஒரு சிறுவர் சித்திரத் தொடரை முன்வைத்து

சிறுவர்க்கென ஆக்கப்படும் கலைப் படைப்புகளைத் திறனாய்வுக்கு உரியனவாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. காவியத்தை ஆராய்கிறோம், நாவலை ஆராய்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகள் நாள்தோறும் கண்கொட்டாமல் பார்த்திருக்கும் கார்ட்டூன் தொடர்களையோ ‘பொழுதுபோக்கு’ என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகிறோம். பிள்ளை எதனைக் கண்டு சிரிக்கிறது, யாரைப்போல் ஆக விழைகிறது என்பனவற்றை அறியாத பெற்றோர், அப்பிள்ளையின் உள்ளத்தில் பாதியை அறியாதவரே ஆவர்.

திருக்கடையூரிலிருந்து இதனை எழுதும் நமக்கு, அசையும் சித்திரக் கலையை மேனாட்டுப் புதுமை என்று தள்ளிவிடத் தோன்றவில்லை. தஞ்சையை மராட்டியர் ஆண்ட நாளில் இக்காவிரி நாட்டில் செழித்த தோற்பாவைக் கூத்து, ஆட்டுத்தோலில் வரைந்த உருவங்களை விளக்கொளியில் திரைமேல் அசைத்துக் காட்டிய கலையன்றோ? இராமகாதை உருக்கமாக நடந்துகொண்டிருக்கும். இடையே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் புகுந்து, ஊர் நடப்பை இழுத்துப் பேசிச் சபையைச் சிரிக்க வைப்பார்கள். வீரக்கதைக்கு நடுவே இச்சிரிப்புக்கு என்ன வேலை? கதை மாந்தர் வளர்வதற்கு அது துணைசெய்கிறதா, அன்றி வெறும் இடைவேளைதானா? இவ்வினாவுக்கு விடைகாண, நம் சமுதாயக் குடும்பங்கள் கருதிப் பார்க்கத்தக்க ஒரு தொடரை இங்கே எடுத்துக்கொள்கிறோம். அது ‘புர்கா அவெஞ்சர்’ என்னும் பாகிஸ்தானிய உருதுத் தொடர். அதிலும் அதன் முதல் நிகழ்ச்சி.

இத்தொடரை உருவாக்கியவர் பாகிஸ்தானின் புகழ்பெற்ற பாடகர் ஹாரூன். 2013 ஜூலை 28-ஆம் நாள், ரமலான் மாதத்தில், இது முதன்முதலாக ஒளிபரப்பாயிற்று. அமெரிக்காவின் பீபாடி விருதையும் பெற்றது. 2014-இல் இந்தியாவில் ஸீகியூ அலைவரிசையில் ஆங்கிலம், இந்தி, தெலுங்கு ஆகியவற்றோடு தமிழிலும் இது வருமென அறிவிக்கப்பட்டது. அவ்வலைவரிசை இன்று இல்லை. எனினும் இத்தொடர் எழுப்பிய வினாக்கள் இன்றும் நம் வீட்டு முற்றத்திலேயே நிற்கின்றன.

கதை எளியது. ஹல்வாபூர் என்பது கற்பனை ஊர். அங்கே பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருப்பவள் ஜியா. பெற்றோரை இழந்த அவளைக் கபடி ஜான் என்னும் பெரியவர் மகளாக வளர்த்து, ‘தக்த் கபடி’ என்னும் போர்க்கலையையும் கற்பித்திருக்கிறார். புத்தகமும் எழுதுகோலுமே அக்கலையின் படைக்கலங்கள். ஊருக்குத் தீங்கு வரும்போது ஜியா கறுப்பு அங்கி அணிந்து, கண்களும் விரல்களும் மட்டுமே தெரிய, வீராங்கனையாய் வெளிப்படுகிறாள். அஷூ என்னும் சிறுமியும், அவளுடைய இரட்டைச் சகோதரன் இம்முவும், மூலி என்னும் சிறுவனும் அவளைச் சூழ்ந்த சிறுவர் குழாம். மூலியுடன் கோலு என்னும் ஆடும் உண்டு. எதிர்ப்பக்கத்தில் இருவர்: ஊரை ஆளும் வடேரோ பஜேரோ, மந்திரவாதியான பாபா பந்தூக்.

முதல் நிகழ்ச்சியில், பள்ளி நடத்துவதற்கென அறநிறுவனம் ஒன்று கொடுத்த பணத்தைத் தன் பையில் போட்டுக்கொள்ள வடேரோ விரும்புகிறான். பள்ளி மூடப்பட்டால் பணம் மிஞ்சும். அதற்குப் பாபா பந்தூக்கின் துணையை நாடுகிறான். பெண்ணுக்குக் கல்வி எதற்கு, அடுக்களையும் துடைப்பமும் போதாவா என்பது பாபாவின் வாதம். பள்ளியை மூட வருகிறார்கள். அஷூ எதிர்நின்று பேசுகிறாள். அதன்பின் கறுப்பங்கி வீராங்கனை தோன்றி அடியாட்களை விரட்டுகிறாள். பள்ளி மீண்டும் திறக்கிறது.

நகை பிறக்கும் இடங்கள்

நகைச்சுவையை அளக்க நம்மிடமே நல்லதோர் அளவுகோல் உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்து, நகையை முதலில் வைத்தார். அந்நகை பிறக்கும் களங்களையும் நான்காகப் பகுத்தார்: பிறரை எள்ளி நகைத்தல், இளமைத் தன்மை, அறியாமை, அறிந்தும் மடமையாய் நடத்தல் என அவற்றை நாம் பொருள் கொள்ளலாம். இந்நான்கும் இச்சித்திரத் தொடரில் அமைந்திருக்கக் காண்கிறோம்.

எள்ளல் பெயர்களிலேயே தொடங்குகிறது. ‘வடேரோ’ என்பது சிந்து நாட்டில் நிலக்கிழாரைக் குறிக்கும் சொல். ‘பஜேரோ’ செல்வர் ஊர்ந்து செல்லும் பெருங்காரின் பெயர். கழுத்தில் டாலர் வடிவப் பொற்பதக்கம் வேறு தொங்குகிறது. இவன் யாரை வணங்குகிறான் என்பதைச் சொல்ல வேறு வசனம் தேவையில்லை. ‘பந்தூக்’ என்றால் துப்பாக்கி. ‘பாபா’ என்னும் மதிப்புச் சொல்லும் துப்பாக்கியும் ஒரே பெயரில் இணைவதில் ஓர் அரசியல் விமரிசனமே அடங்கியிருக்கிறது. ஹல்வாபூரின் பெயரோ, அல்வா கொடுப்பது என்றால் என்னவென்று அறிந்த தமிழருக்கு இன்னுமொரு மடங்கு சுவை தரும். தன் ஊருக்கே அல்வா கொடுக்கும் தலைவனை வேறெங்கே குடிவைப்பது!

இளமையால் பிறக்கும் நகை சிறுவர் குழாத்தின் துள்ளலில் உள்ளது. அறியாமையால் பிறக்கும் நகை மூலியிடமும் அவனுடைய ஆட்டிடமும் உள்ளது. மூலி என்றால் முள்ளங்கி. அவனுக்கு உயிரும் முள்ளங்கியே. மடமையால் பிறக்கும் நகை, எவன் எதற்கு ஏவினான் என்றும் எண்ணாமல் பாய்ந்து, எழுதுகோலால் அடிபட்டு விழும் அடியாட்களிடம் உள்ளது.

இந்நகை வெறும் அணிகலன் அன்று. இத்தொடர் எழுந்த சூழலை எண்ணினால் இது விளங்கும். 2009 ஜனவரியில் சுவாத் பள்ளத்தாக்கில் பெண்கள் பள்ளி செல்லக்கூடாதென ஆயுதக் குழுவினர் தடை விதித்தார்கள். பள்ளிகள் மூடப்படும் செய்திகளால்தான் 2010-இல் தமக்கு இவ்வெண்ணம் எழுந்ததாக ஹாரூன் கூறியிருக்கிறார். 2012 அக்டோபர் 9 அன்று மலாலா யூசுப்சாய் பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் சுடப்பட்டார். அடுத்த ஆண்டே தொடர் வெளிவந்தது. ஆக, பாபா பந்தூக்கின் கருந்தாடியும் மிரட்டலும் அந்நாட்டுக் குழந்தைகளுக்கு வேடிக்கை உருவங்கள் அல்ல. கெட்ட கனவில் வரும் உருவங்கள். அவ்வுருவத்தைக் குழந்தை பார்த்துச் சிரிக்கும்படி ஆக்குவது எளிய காரியமா? அச்சமும் நகையும் ஒரு நெஞ்சில் ஒரே நேரத்தில் குடியிருக்க மாட்டா. ஒரு கொடியவனைப் பார்த்துச் சிரித்த பிள்ளை, அவனை எதிர்த்து நிற்பதற்கான முதற்படியில் கால் வைத்துவிட்டது. இந்த நிகழ்ச்சியில் நகை செய்யும் மெய்யான பணி இதுவே.

வளர்பவர் யார்?

இனி, கதை மாந்தரின் வளர்ச்சியைப் பார்ப்போம். வீராங்கனை வளர்கிறாளா? இல்லை. அவள் முதற்காட்சியிலேயே முழுமையானவள். பயிற்சி முடிந்தது, நோக்கம் தெளிந்தது, கைவன்மை ஐயமற்றது. இது குறையென்று உடனே சொல்லிவிட வேண்டியதில்லை. வீரக்கதைகளில் தலைமை மாந்தர் பெரும்பாலும் மலைபோல் நிற்பர். மலையைச் சுற்றியுள்ளவரே நடப்பர்.

இங்கே நடப்பவள் அஷூ. இந்நிகழ்ச்சியின் மையம் சண்டைக் காட்சி அன்று; அதற்கு முந்தைய சில நொடிகளே. தன்னைவிடப் பன்மடங்கு பெரிய உருவங்கள் முன்னே நிற்க, அச்சிறுமி வாய் திறக்கிறாள். இன்றைய சிறுமியரே நாளைய தாய்மார். தாய்க்குக் கல்வி இல்லையேல் தலைமுறைக்கே கல்வி இல்லை என்பது அவள் பேச்சின் சாரம். சொல் புதிதன்று, நம் மேடைகளில் பலமுறை கேட்டதுதான். அதனைச் சொல்பவள் யார், எப்போது சொல்கிறாள் என்பதே புதிது. அவள் பேசும்போது அங்கி அணிந்த வீராங்கனை வரவில்லை. காப்பாற்ற ஒருவர் வருவார் என்னும் உறுதி அவளுக்கு இல்லை. உறுதியின்றிப் பேசியதால்தான் அது வீரமாகிறது. பள்ளிக்குச் செல்லும் மாணவியாக இருந்தவள், பள்ளிக்காகப் பேசும் மாணவியாகிறாள். இதுவே வளர்ச்சி.

நம் திருக்கடையூர்க் கோயிலைச் சார்ந்த மார்க்கண்டேயன் கதையை இவ்வூரில் எம்மதத்துப் பிள்ளையும் அறியும். அக்கதையிலும் பதினாறு வயதுச் சிறுவன் முதலில் பற்றிக்கொள்கிறான். காப்பு அதன் பின்னரே வருகிறது. சிறியவரின் துணிவு முன்னே செல்ல, பெரிய துணை பின்னே வருவது, கேட்பவர் நெஞ்சில் நெடுநாள் நிற்கும் கதை முறை. ஹாரூன் குழுவினர் இம்முறையை நன்கு அறிந்திருக்கிறார்கள்.

எழுதுகோல் என்னும் படைக்கலம்

தொல்காப்பியர் பெருமிதத்துக்கும் நான்கு பிறப்பிடம் சொன்னார்: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. வீரத்தின் சுவையாகிய பெருமிதத்துக்கு அவர் முதலில் வைத்தது வாளையன்று. கல்வியை என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். எழுதுகோலை எறிந்து பகை வெல்லும் நாயகி, இவ்விலக்கணத்துக்கு வரைந்த சித்திரம் போல் இருக்கிறாள். நம் மார்க்க மரபிலோ இதற்கு விளக்கமே வேண்டா. பெருமானார் (ஸல்) அவர்களுக்கு அருளப்பட்ட முதல் இறைச்செய்தியே ஓதுதலைப் பற்றியும் எழுதுகோலைப் பற்றியும் பேசிற்று. அப்படியிருக்க, பள்ளிக் கதவைப் பெண்ணுக்கு அடைப்பவன் மார்க்கத்தின் பெயரைச் சொல்வது எத்துணை முரண்! அம்முரணைத்தான் பாபா பந்தூக்கின் உருவம் சிரிப்பாக்கிக் காட்டுகிறது.

இக்கருத்துக்கு வேறொரு முஸ்லிம் நாட்டுப் படைப்பும் சான்று. குவைத்தைச் சேர்ந்த உளவியல் அறிஞர் நாயிஃப் அல்முதவ்வா 2006-இல் தொடங்கிய ‘தி 99’ என்னும் வீரர் குழாத்துச் சித்திரக் கதையில், 1258-இல் மங்கோலியர் பக்தாதை அழித்தபோது அங்கிருந்த நூலகத்தின் அறிவு கற்களில் சேமிக்கப்பட்டதாகக் கற்பனை. அக்கற்களைப் பெற்ற இளைஞர்களே வீரர்கள். அங்கும் ஆற்றலின் ஊற்று அறிவே. பின்னர் அதுவும் சித்திரத் தொடராக வந்தது.

எழுதுகோலும் தாளும் வீரம் செய்த கதை நம் மண்ணிலும் உண்டு. திருக்கடையூரிலிருந்து சில கல் தொலைவிலுள்ள தரங்கம்பாடியில், 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு மறு ஆண்டே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். தமிழ் அச்சுக்கூடம் எழுந்ததும் அவ்வூரில்தான். அதற்குத் தாள் செய்த பட்டறையின் நினைவு, பொறையாற்றுப் பக்கம் ‘கடுதாசிப்பட்டறை’ என்னும் ஊர்ப்பெயரில் இன்றும் வாழ்கிறது. பெண்கள் பள்ளி என்பது ஹல்வாபூரில் மட்டும் நடக்கும் கதையன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் பக்கத்து ஊரின் கதையுமாகும்.

மறைந்த முகம்

புர்கா பற்றிய வாதத்தைத் தவிர்த்து இத்தொடரைப் பேச முடியாது. ஜியா வகுப்பறையில் அங்கி அணிவதில்லை. போரிடும்போது தன்னை மறைக்கவே அணிகிறாள். பாகிஸ்தானில் பெண்ணுரிமை பேசுவோருள் சிலர், அடக்குமுறையின் அடையாளத்தை வீரத்தின் அடையாளமாக்கலாமா என்று கேட்டார்கள். வேறு சிலரோ, மானம் காக்கும் ஆடையை முகமூடியாக்கலாமா என்று வினவக்கூடும். ஒன்றுக்கொன்று எதிரான இரு கேள்விகளும் ஆடையைப் பற்றியனவே. கதையைப் பற்றியன அல்ல. கதைக்குள் அவ்வங்கி என்ன வேலை செய்கிறது என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டியது.

நம் தஞ்சைப் பகுதியில் பாட்டிமார் போர்த்திச் சென்ற வெள்ளைத் துப்பட்டியை நினைத்துப் பாருங்கள். அதனுள் இருப்பவர் இன்ன வீட்டார் என்பதை நடையாலும் குரலாலும் ஊர் அறிந்துகொள்ளும். சித்திரத்திலோ மாந்தரின் மனமாற்றத்தைக் காட்ட ஓவியனுக்கு முகமே முதற்கருவி. அம்முகத்தை மறைத்தபின், கண்ணும் உடலசைவும் தவிர அவனுக்கு எஞ்சுவது ஏதுமில்லை. ஆதலின் நாயகி வளரவில்லை என்பதற்குக் கதையமைப்பு மட்டுமன்றி அவ்வாடையும் ஒரு காரணமாகிறது. அவள் முகத்தில் காட்ட முடியாத அச்சம், தயக்கம், துணிவு யாவும் அஷூவின் முகத்துக்கு இடம்பெயர்கின்றன. தெரிந்து செய்தார்களோ, தற்செயலாய் அமைந்ததோ, விளைவு நல்லதே: பார்க்கும் பிள்ளையின் கண் வீராங்கனையின் மேல் வியப்போடு நிற்கிறது; அதன் உள்ளமோ அஷூவோடு நடக்கிறது.

இரு குறைகள்

இத்தனை நயங்கள் இருப்பினும் இரு குறைகளைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

முதலாவது, நகையில் நல்லோர் பக்கத்து அறிவுக்குப் போதிய பங்கில்லை. தீயோர் நகைக்கப்படுகிறார்கள், மூலியும் ஆடும் நகைக்க வைக்கிறார்கள், நாயகியின் பங்கோ பெரும்பாலும் செயலே. நம் பழைய மரபு இதனினும் செழிப்பானது. அமீர் ஹம்ஸாவின் கதையை எடுத்துக்கொள்வோம். அக்பர் பாதுஷா ஏறக்குறைய 1400 ஓவியங்களோடு அதனை எழுதுவித்தார். அன்றைய ‘சித்திரத் தொடர்’ என்றே அதைச் சொல்லலாம். அங்கே ஹம்ஸாவுக்குத் தோள் வலிமை. அவருடைய தோழர் அமர் அய்யாருக்கோ மதிநுட்பமும் குறும்பும். எதையும் விழுங்கும் ஒரு மாயப் பையும் அவரிடம் உண்டு. வாளால் திறவாத கோட்டையை அய்யார் சிரிப்பால் திறப்பார். வீரமும் நகையும் ஒரே அணியில் நின்று, ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும் அவ்வமைப்பு ஹல்வாபூரில் இல்லை. மூலிக்கு முள்ளங்கியோடு சிறிது அய்யாரின் மூளையையும் கொடுத்திருந்தால், சிறுவர் குழாம் மெய்யாகவே குழாமாகியிருக்கும்.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. அஷூவின் சொல் எழுப்பிய நெருப்பை நாயகியின் கைவலிமை அணைத்துவிடுகிறது. பள்ளி திறந்தது அடியாட்கள் விழுந்ததால்; யாருடைய மனமும் மாறியதால் அன்று. வாதத்தில் தொடங்கிய கதை அடிதடியில் முடியும்போது, சொல்லைவிடக் கையே வலிது என்னும் எண்ணம் பிள்ளையின் உள்ளத்தில் மெல்லப் படியக்கூடும். படைக்கலம் எழுதுகோலே ஆயினும், எழுதும்போது அதற்குள்ள வலிமை வேறு. எறியும்போது உள்ள வலிமை வேறு.

இன்னொன்றையும் நாம் மனங்கொள்ள வேண்டும். பள்ளியை மூடுபவன் எப்போதும் டாலர் பதக்கத்தோடோ மந்திரக் கோலத்தோடோ வருவதில்லை. 2021-இல் ஆப்கானிஸ்தானத்தில் சிறுமியர்க்கு மேல்நிலைக் கல்வி மூடப்பட்டது ஆட்சியாளரின் ஆணையால். நம் ஆக்கூரிலும் நீடூரிலும் சங்கரன்பந்தலிலும் திருமுல்லைவாசலிலும் அப்படியொரு ஆணையை எவரும் பிறப்பித்ததில்லை. ஆயினும், வயதுக்கு வந்துவிட்டாள், போதும் என்று சொன்ன குரல்கள் எத்தனை வீட்டில் ஒலித்தன? அக்குரல் கொடியவனுடையது அன்று. மகளைக் கண்ணாய்ப் போற்றிய அத்தாவுடையது. கடல் கடந்து சபர் போயிருந்த அண்ணனின் கடிதத்தில் வந்தது. சில வேளை தாயின் அச்சத்தில் பிறந்தது. அன்பின் குரலில் மூடப்படும் கதவை எந்த எழுதுகோலை எறிந்து திறப்பது? பகைவனை வெளியே நிறுத்திவைத்துச் சிரிக்கும் நகை, வீட்டுக்குள் இருக்கும் தடையைக் காட்டுவதில்லை. எள்ளல் நகையின் எல்லை அது.

இங்கே நம் காவிரி நாடு ஈன்ற ஒரு பெண்மணியை நினையாதிருக்க முடியவில்லை. நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் கற்றது மூன்றாம் வகுப்பு வரையே. அவர் 1938-இல் ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை வெளியிட்டார். அங்கி தரித்து மறைந்து வரவில்லை. தம் பெயரையே நூலின் மேல் பொறித்து வந்தார். எழுதுகோலை எறியவில்லை, எழுதினார். அவர் வாழ்வில் வடேரோவும் இல்லை, பாபாவும் இல்லை; கறுப்பங்கி வீராங்கனை வந்து உதவவும் இல்லை. அஷூவின் துணிவும் ஜியாவின் படைக்கலமும் ஒரே பெண்ணிடம் கூடியிருந்தன. எண்பது ஆண்டுகளுக்கும் முன்னரே நம்மிடம் இப்படியொரு வீராங்கனை இருந்தார் என்பதை, கார்ட்டூன் பார்க்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

ஆதலின் இத்தொடரின் முதல் நிகழ்ச்சியை நாம் மதிப்பிடுவது இவ்வாறு: நகையால் அச்சத்தைப் போக்கி, அவ்விடத்தில் ஒரு சிறுமியின் வளர்ச்சியை நட்ட வகையில் இது போற்றத்தக்க படைப்பு. நட்ட பயிர் கதிர் பிடிக்கும்வரை பொறுக்காமல், சண்டையால் கதையை அறுத்து முடித்த வகையில் இது குறையுடைய படைப்பு. நாற்றங்காலிலேயே அறுவடை செய்ய எந்த உழவனும் நினைப்பதில்லை. நல்ல நாற்று என்பதில் மட்டும் நமக்கு ஐயமில்லை.

குறையுடைய நல்ல படைப்பைப் பிள்ளையிடமிருந்து மறைப்பதால் பயனில்லை. உடனிருந்து பார்ப்பதால் பயனுண்டு. பிள்ளையோடு சேர்ந்து பாபா பந்தூக்கைப் பார்த்து நாமும் வாய்விட்டுச் சிரிப்போம். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: “அந்த வீராங்கனை அன்று வராமலே போயிருந்தால், அஷூ அடுத்து என்ன செய்திருப்பாள்?” பிள்ளைகள் சொல்லும் விடைகளில்தான் அவ்வளர்ச்சியின் எஞ்சிய பகுதி எழுதப்படும். அவ்விடையைப் பிள்ளை சொல்லும்போது குறுக்கிடாமல் கேட்கும் பொறுமை, பெற்றோராகிய நமக்கும் ஒரு வளர்ச்சியே.